எட்டாவது பக்கத்தில் கொடுத்த பணம்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. கதவோரத்தில் நிற்கிறவர்களும் வாருங்கள். மின்விசிறிக் காற்று இந்தப் பக்கம்தான் வரும். ஒரு திருட்டுக் கதை சொல்லப் போகிறேன். இதிலே பூட்டு உடையவில்லை, கத்தியை யாரும் காட்டவில்லை. கொடுத்த காசு கொடுக்காத காசாக மாறிய கதை. அதனால் பொய்யே சொல்லாத ஒரு மனிதன் பொய்யனாகிப் போனான். முடிவு இனிக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனாலும் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் போன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மருந்துக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் அருந்ததியின் அலுவலகம். இருபத்தாறு வருடம் ஒரு வங்கியின் மோசடிப் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற பின் துப்பறிய வந்தவர் அருந்ததி. உதவியாளர் சாந்தகுமாருக்கு ஐம்பது வயது. முன்பு காப்புறுதிக் கம்பனியில் வேலை. சிரிக்கக் கூடாத இடங்களில் சிரித்ததால் போன வேலை அது.

எதிரே, முதல்நாளே போனில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்த சாம்பவி உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்து வைத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"இண்டைக்கு ரெண்டு மணிக்கு அவரைப் புதுக்கடைக் கோட்ஸுக்குக் கொண்டு வருவினம் அக்கா. பதின்மூண்டு நாளா உள்ளுக்க இருக்கிறார். வீட்டுக்காரம்மா வேற வீடு பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டா. பொலிஸ் வந்து போன வீடாம்."

"அழாமல் முதல்ல இருந்து சொல்லும்," என்றார் அருந்ததி.

சாம்பவியின் கணவன் ராகுலன், வெள்ளவத்தையில் சாத்தப்பன் செட்டியாரின் நாணய மாற்றுக் கடையில் காசாளன். டொலரையும் பவுணையும் ரூபாயாக்கிக் கொடுக்கும் கடை. கொஞ்ச நாளாக, போர்டில் எழுதாமல், குருவிக் காசையும் மாற்றிக் கொடுத்தார்கள். குருவிக் காசு என்பது கையில் பிடிக்க முடியாத, கணினிகளுக்குள் மட்டும் ஓடுகிற காசு. அதன் முத்திரையில் குருவிப் படம் இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஹெல்மெட் கழற்றாத ஒருவன் வந்தான். எண்பத்து நாலு இலட்சம் ரூபாய் பெறுமதியான குருவிக் காசைக் கடைப் போனுக்கு அனுப்பினான். வந்துவிட்டது என்று போன் காட்டியது. பத்து இருபத்தாறுக்கு ராகுலன் பணத்தை எண்ணிக் கொடுத்தான். பத்து நாற்பதுக்கு மறுபடி பார்த்தபோது, வந்த காசு போனில் இல்லை. அழிந்ததென்றோ திரும்பிப் போனதென்றோ ஒரு வரிகூட இல்லை. வராமலே இருந்தது போல இருந்தது. காசாளனே திருடிவிட்டான் என்று செட்டியார் பொலிஸில் முறையிட்டார்.

"கண்ணால பார்த்தனான் எண்டு சொன்னவராம் பொலிஸிட்ட. அவங்கள் சிரிச்சவங்களாம்," என்றாள் சாம்பவி.

"என்ர பென்ஷனும் அப்படித்தான் தங்கச்சி," என்றார் சாந்தகுமார். "வாறதைக் காணுறனான். பிறகு காணேல்ல."

"குமார்."

"சரி அக்கா. வாயைப் பூட்டிட்டன்."

"காசு வந்து சேர்ந்தாலும் உடனே குடுக்கக் கூடாது எண்டு கடையில ஒரு விதி இருக்குமே?" என்று கேட்டார் அருந்ததி.

"ஓம். சுவரில ஒட்டி இருக்காம். 'நாற்பது பக்கம் காத்திரு' எண்டு. இவர் எட்டுப் பக்கத்திலேயே குடுத்திட்டார். ஏன் அவசரப்பட்டனீங்கள் எண்டு கேட்டன். கடையில சொன்னவை எண்டார். ஆர் சொன்னது எண்டு கேட்டா வாய் திறக்கிறார் இல்லை."

பக்கம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டும். குருவிக் காசுக்கு வங்கி கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை உலகம் முழுக்க உள்ள சில ஆயிரம் இயந்திரங்கள் ஒரே கணக்குக் கொப்பியாக எழுதி வைத்திருக்கும். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு புதுப் பக்கம். எங்காவது இரண்டு விதமான கொப்பி வந்துவிட்டால், எது தடிப்போ அதுதான் உண்மை. மெலிந்ததை எல்லா இயந்திரமும் கைவிட்டுவிடும். அதுதான் சட்டம்.

திருடன் என்ன செய்கிறான்? ஊர் பார்க்கிற கொப்பியில் கடைக்குக் காசு கொடுக்கிறான். அதே நேரம் மறைவில், வாடகைக்கு எடுத்த ஏராளமான இயந்திரங்களை வைத்து இன்னொரு கொப்பி எழுதுகிறான். அதிலே அதே காசைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறான். கடைக்காரன் பணத்தை எண்ணிக் கொடுத்ததும் மறைவிலிருந்த தடித்த கொப்பியை வெளியே எடுத்து வைக்கிறான். உலகம் அதை நம்புகிறது. கடைக்குக் காசு வந்த பக்கம் குப்பைக்குப் போகிறது. இதற்கு இரட்டைச் செலவு என்று பெயர்.

"அப்ப என்ர மனுசன் சொன்னது உண்மையா இருக்கலாமோ?" சாம்பவி நிமிர்ந்தாள்.

"இருக்கலாம். ஆனா உலகத்துக் கொப்பியே அது நடக்கேல்ல எண்டு சொல்லுது. குப்பைக்குப் போன பக்கத்தை ஆராவது எடுத்து வச்சிருக்க வேணும்."

சாந்தகுமார் தொண்டையைச் செருமினார். "பூட்டைக் கொஞ்சம் திறக்கலாமோ? குருவிக் காசுக்காரருக்கு இன்டர்நெட்டில ஒரு குழு இருக்கு. ராத்திரி முழுக்க வாசிச்சனான். முக்கால்வாசி சண்டை. ஆனா அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒராள் அழுதிருக்கு. 'நான் எழுதின பக்கத்தைக் களவெடுத்திட்டாங்க, என் கரண்டெல்லாம் வீண்' எண்டு. பேர் போட்டிருக்கு: றிப்னா மசாலா, கொழும்பு பதின்மூண்டு."

"கொழும்பு பதின்மூன்று எண்டால் கொட்டாஞ்சேனை," என்றபடி அருந்ததி எழுந்தார். "மசாலாவா?"

"அதுதான் அக்கா எனக்கும் விளங்கேல்ல."

கொட்டாஞ்சேனையில் அந்தத் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு ஏறும்போதே விளங்கிவிட்டது. படிக்கட்டு முழுக்கச் செத்தல் மிளகாய் நெடி. சாந்தகுமார் ஒவ்வொரு படிக்கும் ஒரு தும்மல் போட்டார்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். முக்காட்டின் மேல் மஞ்சள்தூள் படிந்திருந்தது. அவள்தான் றிப்னா. முன்னறையில் பாய் விரித்து மிளகாய் பரப்பியிருந்தாள். மூலையில் இரண்டு இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. அவற்றின் சூட்டுக் காற்று ஒரு தகரக் குழாய் வழியே மிளகாயின் மேல் வீசியது.

"என்ட மாப்பிள வெளிநாட்டுலேந்து கொண்டு வந்து போட்ட மெசினு," என்றாள் றிப்னா. "இது கொப்பியில பக்கம் எழுதுற மெசினு. பக்கம் எழுதினா கூலியா கொஞ்சம் குருவிக் காசு கெடைக்கும். கரண்ட் பில்லுக்கே காணாது. விக்கலாம்னு பாத்தன், ஒத்தரும் எடுக்கல்ல. அப்ப இந்தச் சூட்ட ஏன் வீணாக்க? மழ காலத்துல எனக்கு வெயிலே இது தான்."

"உலகப் பொருளாதாரம் மிளகாய் காய வைக்குது," என்றார் சாந்தகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க தும்மாம ஈந்தா நல்லம், தூள் பறக்குது," என்றாள் றிப்னா. "அண்டக்கி வெள்ளிக்கிழம பத்து ஆறுக்கு என்ட மெசினுக்கு ஒரு பக்கம் வாய்ச்சிச்சி. மூணு மாசத்துக்கு ஒருக்கா வாறது. சந்தோசத்துல பக்கத்து வீட்டுக்கு இனிப்பா வட்டிலப்பம் செஞ்சி குடுத்தன். அரை மணித்தியாலம் போகல்ல, என்ட பக்கம் செல்லாதாம். தடிச்ச கொப்பி ஒண்டு வந்தீக்காம். குடுத்த வட்டிலப்பத்தத் திருப்பிக் கேக்க ஏலுமா?"

"அந்தப் பக்கம் இப்ப எங்க?" அருந்ததியின் குரல் இறங்கியது.

"மெசினு எதையும் வீசாது. மூலைல போட்டு வெச்சீக்கி."

திரையில் அந்தப் பக்கம் வந்தது. சாம்பவி எழுதிக் கொடுத்த துண்டை அருந்ததி எடுத்து ஒப்பிட்டார். ராகுலன் நினைவில் வைத்திருந்த தொகை நாற்பத்தோராயிரத்து இருநூற்று முப்பத்தேழு குருவிக் காசு. திரையிலும் அதே தொகை. பெறுகிறவரின் இடத்தில் ஒரு நீண்ட எண்.

"ராகுலன் பொய் சொல்லேல்ல," என்றார் அருந்ததி மெல்ல. "காசு வந்திருக்கு. இந்த எண் கடைப் போனின்ர எண் எண்டு காட்டினால் போதும். கடைப் போனைத் திறந்தால் தெரிஞ்சிடும். செட்டியார் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கே இல்லை."

"நானும் கோட்ஸுக்கு வாறன்," என்றாள் றிப்னா. "என்ட பக்கம். நான் சொல்றன்."

பக்கத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொடுத்துவிட்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். இயந்திரங்களை வாடகைக்கு விடுகிற சந்தையின் பதிவு எல்லோரும் பார்க்கக்கூடியது. அந்த வெள்ளிக்கிழமை பத்து இரண்டு முதல் பத்து முப்பத்திரண்டு வரை, ஒரே ஆள் அங்கிருந்த எல்லாவற்றையும் எடுத்திருந்தான். வாடகை நம் காசில் இருபத்தைந்து இலட்சம்.

திரும்பி வரும் வழியில், ஓட்டோவின் பின்சீட்டில் அருந்ததி அந்த நேரங்களைத் துண்டில் எழுதிப் பார்த்தார். புறக்கோட்டையில் நெரிசலில் நின்றபோது நிமிர்ந்தார்.

"குமார், நாற்பது பக்கம் எண்டால் எவ்வளவு நேரம்?"

"நூறு நிமிசம்."

"நூறு நிமிசத்துக்கு வாடகை?"

சாந்தகுமார் விரல் மடித்தார். "எண்பத்து மூண்டு இலட்சம் வரும். அடக் கடவுளே! எண்பத்து நாலைத் திருட எண்பத்து மூண்டு செலவு. ஒரு இலட்சத்துக்கு இந்தப் பாடு ஏன்? அதுக்கு என்னை மாதிரி ஒராள் வேலைக்கே போகலாம்."

"அதுதான் நாற்பதின்ர அர்த்தம். ஆரோ கணக்குத் தெரிஞ்ச ஆள் போட்ட விதி. காத்திருந்தால் திருட்டு கட்டாது. ஆனா திருடன் அரை மணித்தியாலத்துக்குத்தான் வாடகை எடுத்திருக்கிறான். நாற்பது பக்கம் காத்திருக்க மாட்டினம் எண்டு அவனுக்கு முதலே தெரியும். ஊகம் அல்ல குமார். நிச்சயமாத் தெரியும்."

"ராகுலனே சொல்லியிருந்தா?"

அந்தப் பயம் அருந்ததிக்கும் இருந்தது.

கடைக்கு வந்தபோது பத்து இருபத்தைந்து. காவலாளி ஷட்டரைப் பாதிக்கு இறக்கிக்கொண்டிருந்தான். டொலர் மாற்ற வந்த ஒருவர் வாசலில் நின்று கத்தினார். உள்ளே சாத்தப்பன் செட்டியார், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, இரும்புப் பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார்.

"பன்னண்டுக்கு மேல வாங்க. இராகு காலத்துல எங்க பெட்டியிலேருந்து ஒத்தக் காசு வெளிய போகாது. எங்க அப்பச்சி காலத்துலேருந்து அப்படித்தான்."

வெள்ளிக்கிழமை இராகு காலம் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். அருந்ததி சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இரண்டு முதல் பத்து முப்பத்திரண்டு. வாடகை எடுத்தவன் கணினியை மட்டுமல்ல, இந்தப் பெட்டி பத்தரைக்குப் பூட்டப்படும் என்பதையும் அறிந்தவன்.

"ஐயா, இராகு காலம் வந்தால் ராகுலன் என்ன செய்வார்?"

"பன்னண்டுக்கு வரச் சொல்லுவான். ஆறு வருசமா அப்படித்தான் செஞ்சான். அன்னைக்கு மட்டும் அவசரமா எடுத்துக் குடுத்தான். ஏன்? கூட்டாளிக்குக் குடுத்தான், அதான். எம்பத்து நாலு இலட்சம்மா. போன்ல வந்துச்சாம், மறைஞ்சுச்சாம். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவர் முகத்தில் பொய் இல்லை. அவர் அதை மனதார நம்பினார்.

அருந்ததி பென்டிரைவை மேசையில் வைத்தார். பக்கம் எப்படி எழுதப்பட்டது, எப்படிக் குப்பைக்குப் போனது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். செட்டியார் கேட்கக் கேட்க, கை நெற்றிக்குப் போயிற்று. "அப்ப அந்தப் பய பொய் சொல்லலையா?" என்றார். கடைப் போனை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டவே போனார்.

அந்த நேரத்தில் மாடிப்படியில் மெட்டி ஒலித்தது. மேல்வீட்டிலிருந்து செட்டியாரின் மனைவி மெய்யம்மை ஆச்சி மோர் கொண்டு வந்தார்.

"ராகுலன் பத்தியா பேசுறீங்க? அந்தப் பிள்ளைக்கு மத்தியானச் சோறு நான்தான் போடுறது. நல்ல பிள்ளைம்மா. அன்னைக்கும் தானா அவசரப்படலை. நான்தான் படியில நின்னு சத்தம் குடுத்தேன். 'தம்பி, வந்திருக்கிறவரைப் பன்னண்டு வரைக்கும் காக்க வைக்காதே, இராகு காலத்துக்கு முந்திக் குடுத்து அனுப்பிடு'ன்னு. உங்ககிட்ட சொன்னா வைவீகன்னுதான் சொல்லலை," என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கு அந்த ஆளைத் தெரியுமோ ஆச்சி?" என்றார் அருந்ததி.

"எனக்கு எப்படித் தெரியும்? நம்ம மகன் விஷ்வாதான் அன்னைக்குக் காலையில மெல்பேர்ன்லேருந்து போன் பண்ணான். வெள்ளிக்கிழமைன்னா பிள்ளை பேசாம இருக்க மாட்டான். 'அம்மா, என் சிநேகிதன் ஒருத்தன் பத்து மணிக்கு வருவான், அவனைக் காக்க வைக்க வேண்டாம்'னான். அங்கேருந்தே கடையைக் கவனிக்கிறாம்மா. சுவத்துல நாப்பதுன்னு ஒட்டியிருக்கே, அந்தக் கணக்குக்கூட அவன் போட்டதுதான்."

பாதி இறங்கிய ஷட்டருக்கு வெளியே ஒரு பஸ் நடத்துநர் "பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி" என்று கூவிக்கொண்டு போனான்.

முதலில் விளங்கியது செட்டியாருக்கு. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கை மடங்கி, போன் அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று.

ஆச்சி கணவரின் முகத்தைப் பார்த்தார். பென்டிரைவைப் பார்த்தார். சாந்தகுமாரைக்கூடப் பார்த்தார், அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடமாட்டாரா என்பது போல. சாந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டார். மோர்த் தம்ளர் ஒன்று தட்டில் சரிந்தது.

"இல்ல," என்றார் ஆச்சி. "நான் அன்னைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். நான் ஒண்ணும் சொல்லலை."

"ஆச்சி, இப்பதானே..."

"வயசாயிருச்சும்மா. நாள் குழம்புது. அது வேற வெள்ளிக்கிழமை."

"ஐயா," அருந்ததி செட்டியாரிடம் திரும்பினார். "அந்தப் போனை ஒருக்கா..."

"எந்தப் போன்?" சட்டைப் பை அவர் நெஞ்சில் சதுரமாகப் புடைத்திருந்தது. "அது தொலைஞ்சு போச்சு. நாங்க குருவிக் காசு, கொக்குக் காசு எதுவும் வாங்குறதில்லை. பணம் மாத்துற கடை இது."

"அவர் ஒரு மனுசன் ஐயா. பொஞ்சாதி இருக்கிறா."

"எனக்கும் ஒரே மகன்மா."

அதைச் சொல்லும்போது சாத்தப்பன் செட்டியாருக்கு அழுகை வந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிள்ளைகளே. காலையில் அவர் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாது. இனிமேல் சொல்லப் போவது பொய் என்று அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது.

புதுக்கடையில் ராகுலனின் லோயர் பென்டிரைவைக் கையில் வைத்து உருட்டினார்.

"இந்த எண் கடையினுடையது எண்டு எப்படிக் காட்டுவீங்க? போன் இல்லை. முதலாளி அப்படி ஒரு காசையே தெரியாது எண்டுறார். முதலாளியின்ர மனுசி படியில நிண்டு சத்தம் போட்டதுக்கு ரெக்கோர்ட் இல்லை. மகன் ஒவ்வொரு வெள்ளியும் கதைக்கிறவர், அதில ஒண்டும் பிடிக்க ஏலாது. உலகமே நடக்கேல்ல எண்டு ஒத்துக்கொண்ட ஒரு கொடுக்கல் வாங்கலை, மிளகாய் விக்கிற ஒரு மனுசியின்ர மெசினை வச்சு நான் நீதவானுக்கு விளங்கப்படுத்த வேணும்."

"முயற்சியாவது செய்யுங்கோ," என்றார் அருந்ததி.

"செய்யிறன். இண்டைக்கு அல்ல."

றிப்னா சொன்னபடி பஸ் பிடித்து வந்து பின்வரிசை இருக்கையில் இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ராகுலனின் வழக்கு நான்கு நிமிடம் எடுத்தது. விளக்கமறியல் நீடித்தது, இன்னும் பதினான்கு நாள் உள்ளே. கூண்டில் நின்றவன் மெலிந்துபோயிருந்தான். ஆச்சியின் பெயரை இப்போதாவது சொல்லும்படி லோயர் காதில் ஓதியும், இல்லையென்று தலையாட்டினான். சோறு போட்ட கையைப் பொலிஸுக்கு இழுக்க மாட்டானாம். அந்தக் கை அவனை என்ன செய்துவிட்டது என்று அவனிடம் சொல்ல நேரம் தரவில்லை, கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே, சாப்பாட்டுக் கடைகளின் எதிரே, சாம்பவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சாந்தகுமார் ஒரு சோடாப் போத்தலை வாங்கி வந்து, அதைக் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்திருந்தார்.

அருந்ததி எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. மகன் போட்ட கணக்கையும், தாய் திரும்ப விழுங்கிய வார்த்தையையும் சொன்னார்.

"சாம்பவி, ஒண்டை மட்டும் நாங்கள் நிச்சயமாக் கண்டுபிடிச்சிட்டம். உம்மட மனுசன் பொய் சொல்லேல்ல."

சாம்பவி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது எனக்கு முதலே தெரியும் அக்கா," என்றாள். "நான் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி உங்களிட்ட வரேல்லையே."

பிறகு சிறைச்சாலை வண்டி எந்த வாசலால் வெளியே வரும் என்று ஒருவரிடம் சிங்களத்தில் விசாரித்து, அந்தப் பக்கமாக வேகமாக நடந்தாள்.

நேரமாகிவிட்டது, எழும்புங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் ஆறாதிருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பொழுது சாயும்போது தங்கள் காலாலேயே நடந்து படியேறட்டும். அவர்கள் சொல்கிற உண்மையை நம்ப யாராவது ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கமும் இருக்கட்டும். தூரதேசத்தில் உங்கள் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பேசுகிற நல்ல வார்த்தை நல்லதாகவே இருக்கட்டும். போய்ப் படுங்கள். உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது.